கூடுதல் ஹார்ட் டிஸ்க்கும் ரெய்டும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கல்யாண ஸ்டுடியோ, ஆடிட்டர் ஆபீஸ், சின்ன அச்சகம். ஹார்ட் டிஸ்க் புகார்கள் எனக்கு அதிகம் வருவது இந்த மூன்று இடங்களிலிருந்துதான். புகார்களும் திரும்பத் திரும்ப அதே புகார்கள்தான். டிஸ்க் கெட்டுப்போய் டேட்டா போனதைவிட, டிஸ்க் கெட்டுவிட்டதே என்ற பதற்றத்தில் எதையோ அழுத்தி டேட்டா போனதுதான் நான் பார்த்தவரை அதிகம். அதனால் என்ன செய்வது என்பதோடு, எதில் கை வைக்கக் கூடாது என்பதையும் ஒவ்வோர் அறிகுறியிலும் எழுதியிருக்கிறேன்.

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் டெஸ்க்டாப்பை மனதில் வைத்து எழுதியது இது. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் போல இயக்கும் முறை. மதர்போர்டிலேயே வரும் இன்டெல், ஏஎம்டி ரெய்டுக்கும், அதே வேலையை மென்பொருளிலேயே செய்யும் விண்டோஸின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸுக்கும் இது பொருந்தும். லினக்ஸுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## கேபினெட்டைத் திறக்கும் முன்

ரெய்டில் இல்லாத வேறொரு டிஸ்க்கில் முக்கியமான ஃபைல்களின் காப்பி இருக்க வேண்டும். ரெய்டு 1 (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் மிரர் முறை) போட்டிருக்கிறேனே, அதுவே பேக்கப்தானே என்று கேட்பவர்கள் பலர். தவறுதலாக அழித்த ஃபோல்டர் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில்தான் அழியும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அப்படித்தான்.

அடுத்து, சீரியல் எண். அது டிஸ்க்கின் மேல்பக்க ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். கேபினெட்டில் மாட்டிய பிறகு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது. எனவே மாட்டுவதற்கு முன்பே சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை வெள்ளை டேப்பில் மார்க்கரால் எழுதி, கேபிள் செருகும் முனைப் பக்கம் ஒட்டிவிடுங்கள். ரெய்டு மென்பொருள் ‘இந்த டிஸ்க் போய்விட்டது’ என்று சீரியலைத்தான் காட்டும். அந்த நேரத்தில் எது எது என்று தெரியாமல் நல்ல டிஸ்க்கை உருவியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் இருக்கிறது, பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரையில் சாட்டா மோடு (டிஸ்க் போர்ட்டுகள் இயங்கும் முறை) என்ன என்று இரண்டையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் நாம் கேட்காமலேயே டிஸ்க் என்கிரிப்ஷன் போட்டிருக்கும். பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் என்ற அந்த என்கிரிப்ஷனின் ரெக்கவரி கீ கையில் இருக்கிறதா என்று மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ப் பாருங்கள்.

## புதிய டிஸ்க் பயாஸிலேயே தெரியவில்லை

கம்ப்யூட்டரை ஆன் செய்து, டிஸ்க்கின் பக்கவாட்டில் விரலை வையுங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழன்றால் மெல்லிய அதிர்வு தெரியும். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

### சுழலவே இல்லை என்றால்

முதலில் பவர் கனெக்டரைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். அடுத்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் பவர் கனெக்டரை இதில் மாட்டிப் பாருங்கள். எதைக் கழற்றினாலும் மாட்டினாலும் சுவிட்சை அணைத்த பிறகுதான்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்து மாட்டியிருக்கிறீர்களா? அல்லது சர்வர் ரக டிஸ்க்கா? அப்படியானால் 3.3 வோல்ட் பிரச்சினையாக இருக்கலாம். புதிய சாட்டா விதிப்படி பவர் கனெக்டரின் 3ஆவது பின்னில் மின்சாரம் வந்தால் ‘நின்றுவிடு’ என்று பொருள். பழைய எஸ்எம்பிஎஸ்களோ (பவர் சப்ளை) அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் தந்துகொண்டிருக்கும். டிஸ்க்கில் குறை எதுவும் இல்லை. பழைய நான்கு பின் மோலக்ஸ் கனெக்டரைச் சாட்டா ஆக்கும், 3.3 வோல்ட் கம்பியே இல்லாத மாற்றி போட்டால் சுழன்றுவிடும். கம்பிகளைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை அச்சில் உருக்கி வார்த்த மலிவு மாற்றியை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் ரகம் அது. கம்பிகளைத் தனித்தனியே அழுத்திப் பொருத்திய கனெக்டராகப் பார்த்து வாங்குங்கள். மாற்றி கிடைக்காவிட்டால் செல்போன் சர்வீஸ் கடைகளில் இருக்கும் மஞ்சள் ஹீட் டேப்பில் ஒரு கீற்று வெட்டி, டேட்டா கனெக்டர் பக்கத்திலிருந்து எண்ணி 3ஆவது பின்னை மூடினாலும் போதும்.

கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிஸ்க் பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையோ கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடலும் மாறலாம். செருகும்போது கச்சிதமாகப் போய் உட்காரும். ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்து, மாட்டியிருக்கும் டிஸ்க் அத்தனையும் ஒரே நொடியில் எரிந்துவிடும். பழைய பெட்டியில் கிடந்த கேபிளை எடுத்து மாட்டவே வேண்டாம்.

### சுழல்கிறது, ஆனாலும் தெரியவில்லை என்றால்

டேட்டா கேபிளை மாற்றுங்கள். பிறகு வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் மதர்போர்டு மேனுவலை எடுங்கள். பல போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி மாட்டிவிட்டால் குறிப்பிட்ட ஒன்றோ இரண்டோ சாட்டா போர்ட்டுகள் தானாகச் செயலிழந்துவிடும். போர்ட் கெட்டுவிட்டது என்று சொல்லி என்னிடம் வந்த போர்டுகளில் பல இந்த வகைதான். காசு செலவில்லை, பக்கத்துப் போர்ட்டுக்கு மாறினால் போதும். பயாஸில் அந்தப் போர்ட்டை யாராவது டிசேபிள் செய்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

வேறொரு கம்ப்யூட்டரிலும் தெரியவில்லை என்றால் டிஸ்க்தான் கெட்டது. புதியதென்றால் வாரண்டிக்கு அனுப்புங்கள். உள்ளே டேட்டா இருக்கும் பழைய டிஸ்க் என்றால் இதற்கு மேல் சோதிக்காமல் ரெக்கவரி ஆட்களிடம் கொடுங்கள்.

## பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் காணோம்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். டிஸ்க்கின் பெயருக்குக் கீழேயோ பக்கத்துக் கட்டத்திலோ என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

நாட் இனிஷியலைஸ்டு: கடையில் வாங்கிய புத்தம் புதிய டிஸ்க் என்றால் ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையைத் தேர்ந்தெடுத்து இனிஷியலைஸ் செய்து, புதிய வால்யூம் உருவாக்குங்கள். ஏற்கெனவே டேட்டா இருந்த டிஸ்க் இப்படிக் காட்டினால் கேன்சல் அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஃபாரின்: வேறொரு விண்டோஸில் டைனமிக் டிஸ்க்காக இருந்தது. ரைட் கிளிக் செய்து இம்போர்ட் ஃபாரின் டிஸ்க்ஸ் கொடுங்கள். டேட்டா அப்படியே வரும். கன்வெர்ட் டு பேசிக் என்ற பக்கமே போகாதீர்கள்.

ஆஃப்லைன்: பெரும்பாலும் இரண்டு டிஸ்க்குகளுக்கு ஒரே அடையாள எண் இருக்கிறது. குளோன் எடுத்த டிஸ்க் என்றால் ஆன்லைன் கொடுக்கலாம். ரெய்டில் இருந்த டிஸ்க் என்றால் கொடுக்காதீர்கள். கீழே ‘ரெய்டே காணோம்’ என்ற பகுதிக்குப் போங்கள்.

ரா: விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாத ஃபைல் சிஸ்டம். நாஸ் பெட்டியிலிருந்து (நெட்வொர்க்கில் மாட்டும் ஸ்டோரேஜ்) கழற்றிய டிஸ்க் பெரும்பாலும் இப்படித்தான் வரும், ஏனென்றால் உள்ளே இருப்பது லினக்ஸ். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும். செய்யாதீர்கள். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து பாருங்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் ஹெல்தி என்று இருந்தும் திஸ் பிசியில் வரவில்லையா? பெரும்பாலும் டிரைவ் எழுத்துதான் விட்டுப்போயிருக்கும். ரைட் கிளிக் செய்து ஓர் எழுத்தைக் கொடுத்தால் வந்துவிடும்.

## கொள்ளளவு குறைவாகக் காட்டுகிறது

4 டிபி டிஸ்க் 3.63 என்று காட்டுவது சரிதான். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. 4 டிபி டிஸ்க் இரண்டைச் சேர்த்து ரெய்டு 1 போட்டாலும் அதே 3.63தான். மூன்றைச் சேர்த்து ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் முறை) போட்டால் 7.27 வரும். ஒன்று 4, ஒன்று 2 என்று கலந்து மாட்டினால் சின்னதன் அளவுதான் கணக்கு.

2 டிபியோடு நின்றுவிட்டால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கிறது. டேட்டாவை வேறிடத்துக்கு மாற்றி, வால்யூம்களை நீக்கி, ஜிபிடிக்கு மாற்றுங்கள். 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டினால் பழைய சாட்டா டிரைவரோ பழைய யுஎஸ்பி டாக்கோதான் காரணம். டிரைவரைப் புதுப்பிக்கும்வரை அதில் எதையும் எழுதாதீர்கள்.

## மிரர் ஆப்ஷன் மங்கலாக இருக்கிறது

விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக மிரர் போட புரோ வேண்டும். அதற்காகக் காசு கொடுத்து மாறத் தேவையில்லை, ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் ஹோமிலும் இருக்கிறது. டிஸ்க்குகளை அதில் சேர்த்ததும் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்டில் ரெய்டு 5 மங்கலாக இருந்தால் விட்டுவிடுங்கள், அது விண்டோஸ் சர்வரில் மட்டும்தான்.

## ரெய்டு மோடுக்கு மாற்றியதும் விண்டோஸ் பூட் ஆகவில்லை

நீலத் திரையில் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று வரும். விண்டோஸ் கெடவில்லை. பயாஸில் பழையபடி ஏஹெச்சிஐக்கு (ரெய்டு இல்லாத சாதாரண மோடு) மாற்றினாலே பூட் ஆகிவிடும். ஆனபிறகு இதே வரிசையில் செய்யுங்கள்:

1. இன்டெல் அல்லது ஏஎம்டி ரெய்டு டிரைவரை மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். பிட்லாக்கர் இருந்தால் சஸ்பெண்ட் செய்யுங்கள்.
2. எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் டேப்பில் சேஃப் பூட் டிக் செய்யுங்கள்.
3. ரீஸ்டார்ட் செய்து, நேராக பயாஸுக்குப் போய் ரெய்டு மோடுக்கு மாற்றுங்கள்.
4. சேஃப் மோடில் விண்டோஸ் திறந்ததும் சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட்.

புதிதாக விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே தெரியவில்லை, போர்டு இன்டெல் 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் பயாஸில் விஎம்டி (இன்டெல்லின் டிஸ்க் நிர்வாக வசதி) ஆன் ஆகியிருக்கும். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை விரித்து பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் திரையில் லோட் டிரைவர் கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால், விண்டோஸ் ஒரு எஸ்எஸ்டியில் இருக்கிறது, டேட்டா டிஸ்க் இரண்டை மட்டும் மிரர் செய்தால் போதும் என்பவர்கள் பயாஸ் பக்கமே போக வேண்டாம். ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் போதும். மதர்போர்டு எரிந்துபோனாலும் அந்த இரண்டு டிஸ்க்கையும் அதே பதிப்போ அதைவிடப் புதியதோ ஓடும் வேறு விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்கலாம். இன்டெல் போர்டில் போட்ட ரெய்டு, ஏஎம்டி போர்டில் திறக்காது.

## ஒருநாள் காலையில் பார்த்தால் ரெய்டே காணோம், டிஸ்க்குகள் தனித்தனியாக நிற்கின்றன

நம் ஊரில் இதற்கு முதல் காரணம் மதர்போர்டின் பட்டன் பேட்டரி. ராத்திரி மெயினை அணைத்துவிட்டுக் கடை பூட்டும் பழக்கம் நமக்கு. அணைத்திருக்கும் நேரமெல்லாம் பயாஸ் அந்த சிஆர்2032 பேட்டரியில்தான் உயிரோடு இருக்கிறது. அது தீர்ந்ததும் பல போர்டுகளில் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும், சாட்டா மோடு ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ ஆகிவிடும். கடிகாரம் பல வருஷம் பின்னால் காட்டும், பூட் ஆகும்போது எஃப்1 அழுத்தச் சொல்லும். இரண்டும் இருந்தால் சந்தேகமே இல்லை.

எஃப்1 கேட்கும் அந்தத் திரையில் நிறுத்திக்கொள்ளுங்கள். விண்டோஸுக்குள் போகாமல் பயாஸுக்குப் போய், முன்பு எடுத்து வைத்த படத்தைப் பார்த்து ரெய்டு மோடுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் ரெய்டு முழுசாகத் திரும்பி வந்துவிடும், ஏனென்றால் அதன் விவரம் டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பிறகு பேட்டரியை மாற்றுங்கள். சில பத்து ரூபாய் சாமான்.

விண்டோஸுக்குள் ஏற்கெனவே போயிருந்தால், இனிஷியலைஸ் கேட்டால் கேன்சல். ரெய்டு 1இல் ஒரு டிஸ்க் மட்டும் திறந்து, அதில் ஃபைல்களைச் சேமித்தும் இருந்தால் இரண்டு டிஸ்க்கும் இப்போது வேறுவேறு. ரெய்டுக்குத் திரும்பும் முன் அந்தப் புதிய ஃபைல்களைத் தனி டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ரெய்டு மென்பொருளில் வெரிஃபை கொடுங்கள்.

மோடு சரியாக இருந்தும் ரெய்டு வரவில்லை என்றால் ‘கிரியேட்’ என்ற பட்டனைத் தொடாமல் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

## டிகிரேடட் என்று காட்டுகிறது

இது ஆபத்துக்கு முந்தைய அறிவிப்பு. ஒரு டிஸ்க் விலகிவிட்டது, மீதி வேலை செய்கிறது. ரெய்டு போட்டதே இந்த நாளுக்காகத்தான். லினக்ஸில் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் ஃபைலைப் பார்த்தால் ‘யு’ எழுத்து இருக்க வேண்டிய ஓரிடத்தில் அடிக்கோடு இருக்கும்.

முதல் வேலை காப்பி, ரீபில்ட் (மாற்று டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி நிரப்புவது) அல்ல. ரீபில்ட் மீதி டிஸ்க்குகளை முதல் ஓரத்திலிருந்து கடைசி ஓரம்வரை படிக்கும். ஒன்றாக வாங்கி ஒன்றாக ஓடிய டிஸ்க்குகள் அவை. ஒன்று போன சமயத்தில் இன்னொன்றும் பலவீனமாக இருக்கலாம். முக்கியமான ஃபோல்டர்கள் வெளியே வந்த பிறகு எது நடந்தாலும் தாங்கிக்கொள்ளலாம்.

எந்த டிஸ்க் என்று பாருங்கள். ரெய்டு மென்பொருள் சொல்லும் சீரியலை நீங்கள் ஒட்டிய டேப்போடு ஒப்பிடுங்கள். சுவிட்சை அணைத்து, அந்த டிஸ்க்கின் கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரம் படியுங்கள். அதைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் இலவசம், அதுவே போதும். நீலமா மஞ்சளா என்று நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வலது ஓரத்து ரா மதிப்பைப் பாருங்கள். 05 என்ற வரியில் இருப்பது, கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்களின் (டேட்டா எழுதும் சிறு பகுதிகள்) எண்ணிக்கை. சி5 படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி6 சரிசெய்யவே முடியாதவை. சி5, சி6 இரண்டில் எதிலாவது பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் ரெய்டில் அந்த டிஸ்க்குக்கு இனி இடமில்லை. சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, கேபிள்தான் கெட்டது. சி7 எண் ஒருபோதும் இறங்காது. எனவே எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றி, ஒரு வாரம் கழித்து மேலே ஏறியதா என்று மட்டும் பாருங்கள்.

மாற்று டிஸ்க் அதே கொள்ளளவு அல்லது அதற்கு மேல். புதியது என்று விற்கும் டிஸ்க்கில் பவர் ஆன் ஹவர்ஸ் என்ற வரியைப் பார்க்காமல் ரெய்டில் சேர்க்காதீர்கள். ஆயிரக்கணக்கில் மணி ஓடிய டிஸ்க் புது உறையில் வருவது உண்டு.

ரீபில்ட் ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. 4 டிபி டிஸ்க், நொடிக்கு 150 எம்பி வேகம் என்று வைத்தாலே 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கம்ப்யூட்டரில் வேலையும் பார்த்தால் அது ஒரு நாளைத் தாண்டும். யுபிஎஸ் தாங்குமா, மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிப்பது என் வழக்கம்.

ரெய்டு 5இல் மீதமுள்ள டிஸ்க்குகளில் ஏதாவது ஒன்றில் சி5 எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ரீபில்ட்டைத் தொடாதீர்கள். அந்த டிஸ்க்குகளைச் செக்டார் செக்டாராகப் பிரதி எடுக்கத் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

## டிஸ்க் நன்றாக இருக்கிறது, ஆனால் அடிக்கடி ரெய்டைவிட்டு விலகுகிறது

ஸ்மார்ட் சுத்தம், கேபிளும் புதுசு, ஆனாலும் விலகுகிறதா? கேபினெட்டில் ஒரே பவர் கேபிளில் எத்தனை டிஸ்க் தொங்குகிறது என்று பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் நான்கு டிஸ்க் மாட்டினால் காலையில் ஆன் செய்யும்போது ஒன்று எழாமல் போவதில் ஆச்சரியமில்லை. டிஸ்க்குகளை இரண்டு கேபிள்களில் பிரித்துப் போடுங்கள். தீரவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்.

அதுவும் இல்லை என்றால் டிஸ்க்கின் ரகம். எஸ்எம்ஆர் முறையில் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியவைத்து) எழுதும் டிஸ்க்குகள் தொடர்ந்து எழுதும்போது திணறிப்போய்ப் பதில் சொல்லத் தாமதிக்கும். ரெய்டு அதைச் செத்ததாக எடுத்துக்கொள்ளும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை வெளியிட வேண்டிவந்தது. ரெட் பிளஸ், ரெட் புரோ, சீகேட் அயன்வுல்ஃப் ஆகியவை சிஎம்ஆர், அதாவது தடங்கள் படியாத வழக்கமான முறை. வாங்கும்போது டப்பாவின் நிறத்தைப் பார்க்காமல் மாடல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் தேடுங்கள். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளில் இன்னொரு குணமும் உண்டு. படிக்க முடியாத செக்டாரை விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். நாஸ் ரக டிஸ்க் சுமார் 7 நொடியில் ‘முடியவில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும். விலை வித்தியாசத்துக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

## வேகம் படுத்துவிட்டது

திடீரென்று மெதுவாகியிருந்தால், முந்தின நாள் கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ரெய்டு பின்னணியில் தன்னைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும், முடிந்ததும் வேகம் திரும்பும். ஆரம்பத்திலிருந்தே எழுதும் வேகம் மோசம் என்றால், ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் பாரிட்டி (ரெய்டு 5 போன்றது) தேர்ந்தெடுத்திருப்பீர்கள். வீடியோ எடிட்டிங்குக்கு அது சரிவராது. மிரருக்கு மாறுங்கள். எழுதுவதை முதலில் மெமரியில் தேக்கும் ரைட் பேக் கேஷ் ஆன் செய்தாலும் வேகம் கூடும். ஆனால் யுபிஎஸ் இல்லாத இடத்தில் அதைச் செய்ய வேண்டாம்.

## ஃபெயில்டு, அல்லது டிஸ்க் ‘டக் டக்’ என்று அடிக்கிறது

சத்தம் கேட்ட நொடியில் சுவிட்சை அணையுங்கள். உள்ளே ஹெட் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மீட்கக்கூடியது குறையும்.

சத்தம் இல்லாமல் ஃபெயில்டு (ரெய்டு முழுதும் நின்றுவிட்டது) மட்டும் வந்தால் கேபிள்களையும் பவரையும் ஒருமுறை சரிபார்க்கலாம். ரெய்டு 0இல் (டேட்டாவை டிஸ்க்குகளில் பிரித்து எழுதும், பாதுகாப்பு இல்லாத முறை) ஒன்றோ, ரெய்டு 5இல் இரண்டோ கேபிளால் விலகியிருந்தால் சில நேரம் திரும்ப வரும். வந்தால் அதே நிமிடம் காப்பி எடுங்கள். வராவிட்டால் அதோடு கையை எடுத்துவிடுங்கள். அரேயை (ரெய்டுத் தொகுப்பை) அழித்து மறுபடி உருவாக்கு, செக்டிஸ்க் ஓட்டு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ரெக்கவரிக்குக் கொடுக்கும்போது அசல் டிஸ்க்கிலேயே மென்பொருள் ஓட்டுபவரைத் தவிர்த்து, முதலில் பிரதி எடுத்து அதில் வேலை செய்கிறேன் என்று சொல்பவரிடம் கொடுங்கள். கெட்டதை மட்டும் கொடுக்காமல் ரெய்டில் இருந்த எல்லா டிஸ்க்குகளையும் கொடுங்கள். எந்தப் போர்ட்டில் எது இருந்தது, ரெய்டு எந்த வகை (0, 1, 5), மதர்போர்டு மாடல் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு டிஸ்க் போயிருந்தால் எது முதலில் விலகியது என்பதைத் தெரிந்தவரை டேப்பிலேயே குறியுங்கள். முதலில் விலகியதில் பழைய டேட்டா நின்றுபோயிருக்கும். கடைசியாகப் போனதிலிருந்து தொடங்கினால்தான் சமீபத்திய ஃபைல்கள் கிடைக்கும்.